பாட்டி வீட்டு வெள்ளைச் சுவர்... துடைக்கலாமா, கழுவலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?

ஊர்ல இருக்கிற பழைய வீட்டுத் திண்ணையில, சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கீங்களா? எழுந்திரிச்சதும் கறுப்பு டி-ஷர்ட்டோட முதுகு வெள்ளையா இருக்கும். யாராவது ஒருத்தர், "சுண்ணாம்பு ஒட்டியிருக்கு பாரு"ன்னு தட்டி விடுவாங்க. மண் சுவர், மேல சுண்ணாம்பு, கீழே ஒரு காவிப் பட்டை. 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் பலரோட லீவு நினைவுகளுக்குப் பின்னணியே இந்தச் சுவர்தான்.

இப்போ அந்த வீடுகளோட நிலைமை என்ன? தாத்தா, பாட்டி தனியா இருக்காங்க. இல்லைன்னா வீடு பூட்டியே கிடக்கு. வருஷம் தவறாம வெள்ளை அடிச்ச தலைமுறைக்கு ஏணி ஏற முடியலை. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாள் பேச்சு வருது. "சும்மா சும்மா சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு... ஒரேயடியா சிமென்ட் பூசி, புட்டி வெச்சு, எமல்ஷன் அடிச்சிட்டா பத்து வருஷத்துக்குத் தொல்லை இல்லை." எல்லாரும் தம்ஸ்அப் போடுறாங்க.

அங்கேதான் பிரச்னை ஆரம்பிக்குது. நல்ல எண்ணத்துல செய்ற அந்த வேலைதான், பல வருஷம் நின்ன மண் சுவரை உள்ளேயிருந்து கெடுக்கும். இது ஏதோ அரிதான வீட்டைப் பத்தின பேச்சும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்திய வீடுகள்ல கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்கு மண் அல்லது சுடாத செங்கல் சுவர்தான். உங்க வீடும் அதுல ஒண்ணா இருந்தா, கையில் பக்கெட்டையோ பிரஷ்ஷையோ எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

மண் சுவர் எப்படி வேலை செய்யுது?

செங்கல்லைச் சூளையில் சுடுறோம். அதுக்கப்புறம் அதைத் தண்ணியில போட்டாலும் அது செங்கல்லாவே இருக்கும். மண் சுவர் சுடப்படாதது. களிமண் காய்ஞ்சு இறுகி, மணலையும் சரளையையும் பிடிச்சு வெச்சிருக்கு. அவ்வளவுதான். காய்ஞ்சு இருக்கிற வரைக்கும் அது பலசாலி. தண்ணி உள்ளே போனா திரும்பவும் சேறுதான்.

அப்போ தண்ணியே படாம எப்படி இத்தனை வருஷம் நிக்குது? தண்ணி படுது. மழைச்சாரல் அடிக்குது, தரையிலிருந்து ஓதம் ஏறுது, அடுப்படி ஆவி, குளிக்கிற இடத்து ஈரம் எல்லாம் சுவருக்குள்ள போகுது. ஆனா, போன ஈரம் வெயில் வந்ததும் வெளியேறிடுது. மண்ணிலும் சுண்ணாம்பிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியா ஈரம் உள்ளே போய், வெளியே வர முடியும். உள்ளே போற ஈரத்தைவிட வெளியே போற ஈரம் குறையாம பார்த்துக்கிட்டா, மண் சுவர் தலைமுறை கடந்தும் நிக்கும்.

இப்ப இதுக்கு மேல சிமென்ட் பூச்சும், அதுக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி படலமா நிக்கிற எமல்ஷன் பெயின்ட்டும் அடிச்சா என்ன ஆகும்? தரையிலிருந்து ஏறுற ஓதம் நிக்காது. வெளியேற வழி மட்டும் அடைபட்டுப் போகும். ஈரம் சுவருக்குள்ளேயே தேங்கி, கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். சிமென்ட் விறைப்பானது. மண், ஈரத்துக்கு ஏத்த மாதிரி லேசா விரிஞ்சு சுருங்கும். ரெண்டும் ஒட்டாம விரிசல் விடும். அந்த விரிசல் வழியா மழைத் தண்ணி உள்ளே போகும், திரும்ப வராது. வெளியே பார்க்க பளபளன்னு இருக்கும். உள்ளே மண் ஊறிக்கிட்டு இருக்கும். ஒரு நாள் பூச்சு பாளமா பெயர்ந்து விழும்போதுதான் விஷயம் தெரியும்.

சுண்ணாம்பு வெறும் வெள்ளை நிறம் இல்லை

சுண்ணாம்பு அடிக்கிறதை 'ஏழைகளோட பெயின்ட்'னு நினைக்கிறவங்க உண்டு. ஆனா, அது பெயின்ட்டே இல்லை. சுவரில் அடிச்ச பிறகு கல்லா மாறுற ஒரு பொருள்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டா, அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டா, கிடைக்கிறது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ வாயுவா போயிடும். இந்தச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணியில போட்டா, அடுப்பே இல்லாம கொதிச்சு, நீர்த்த சுண்ணாம்பா ஆகும். அதைக் கரைச்சுச் சுவரில் பூசினா, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுத்துக்கிட்டு, திரும்பவும் பழைய சுண்ணாம்புக் கல்லாவே மாறிடும். கல்லில் தொடங்கி கல்லிலேயே முடியுது.

இந்த மாற்றம் ஒரே நாள்ல நடக்காது. சில நாள்கள்ல ஆரம்பிச்சு சில வாரங்கள் வரை ஆகும். அதுக்குக் காத்தும் வேணும், கொஞ்சம் ஈரமும் வேணும். உச்சி வெயில்ல அடிச்சு, பத்தே நிமிஷத்துல காய்ஞ்சிட்டா, கல்லா மாறாம பொடியாவே நின்னுடும். உங்க டி-ஷர்ட்டில் ஒட்டுறது அதுதான்.

பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை அடிக்கிற வழக்கம் எவ்வளவு கச்சிதமா பொருந்துது பாருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது முடிஞ்சு சுவர் ஓரளவு காய்ஞ்சிருக்கும். வெயில் கடுமையா இருக்காது. விடியற்காலையில பனி ஈரம் இருக்கும். சுண்ணாம்பு நிதானமா கல்லாக இதைவிட நல்ல பருவம் நம்ம ஊர்ல இல்லை.

முதல்ல ஒரு உள்ளங்கை டெஸ்ட்

சுத்தம் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுவரோட நிலைமையைத் தெரிஞ்சுக்கோங்க. மூணு நிமிஷ வேலை.

உள்ளங்கையைச் சுவரில் வெச்சு லேசா தேய்ச்சுப் பாருங்க. கையில் மெல்லிசா வெள்ளை ஒட்டினா, பயப்பட ஒண்ணுமில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு அது இயல்பு. கொத்தா பொடி உதிர்ந்தா, மேல் பூச்சு பலம் இழந்திடுச்சுன்னு அர்த்தம். வெள்ளையோட சேர்ந்து மண்ணும் வந்தா, ரிப்பேர் தேவை.

அடுத்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பாருங்க. கெட்டியான சத்தம் வந்தா நல்லது. 'டொப் டொப்'னு வெத்துச் சத்தம் வந்தா, அந்த இடத்துல பூச்சு மண்ணை விட்டுப் பிரிஞ்சிருக்கு.

மூணாவது, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரைத் தொட்டுப் பாருங்க. மேலே இருக்கிறதைவிட சில்லுனு, ஈரமா இருந்தா ஓதம் இருக்கு. இதைக் கண்டுபிடிக்காம மேல எத்தனை தடவை வெள்ளை அடிச்சாலும் வீண்தான்.

தூசு, கரி, எண்ணெய்... எதை எப்படி எடுக்கிறது?

பொது விதி ஒண்ணே ஒண்ணு: மண் சுவரைக் காய்ந்த முறையிலதான் சுத்தம் பண்ணணும். ஈரத்துணி வேண்டாம். சோப்புத் தண்ணி வேண்டாம். கார் கழுவுற பிரஷர் பைப்பை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. சோப்பும் டிடர்ஜென்ட்டும் துளைக்குள்ள போய்த் தங்கி, அடுத்த பூச்சு ஒட்டவிடாம செய்யும்.

ஒட்டடை, தூசு: பூந்துடைப்பத்தை நீளக் குச்சியில் கட்டி, மேலிருந்து கீழே லேசா தட்டி எடுங்க. ஈர்க்குத் துடைப்பம் கீறல் போடும். அது வாசலுக்கு மட்டும் இருக்கட்டும். மாசத்துக்கு ஒருமுறை போதும்.

பென்சில், கிரேயான் கிறுக்கல்: குட்டீஸ் வேலையா? பென்சிலை ரப்பரால் மெதுவா அழிக்கலாம். கிரேயான் மெழுகு, தேய்ச்சா பரவும். மொண்ணைக் கத்தியால லேசா சுரண்டி எடுத்துட்டு, அந்த இடத்துல மட்டும் சுண்ணாம்பைத் தொட்டு அடிங்க.

எண்ணெய்க் கறை: தலை சாய்ச்சு உட்கார்ற இடத்துலயும் விளக்கு மாடத்துலயும் இருக்கும். புதுக் கறைன்னா சுண்ணாம்புப் பொடியையோ சாக்பீஸ் பொடியையோ அழுத்தி வெச்சு, ஒரு நாள் கழிச்சுத் தட்டி விடுங்க. எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிடும். பல வருஷக் கறைக்கு இது போதாது. அந்த இடத்தின் மேல் பூச்சைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசா அடிக்கணும். எண்ணெய் மேல சுண்ணாம்பு நிக்காது.

அடுப்புக் கரி: விறகடுப்பு இருந்த சமையல்கட்டுச் சுவரில் கரியோட பிசுபிசுப்பும் சேர்ந்திருக்கும். நேரா வெள்ளை அடிச்சா, ரெண்டு நாள்ல பழுப்பா மேல ஊறி வரும். காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்ச்சு, பிசுக்கு இருக்கிற பூச்சைச் சுரண்டிட்டு அப்புறம் அடிங்க.

மஞ்சள் கை, குங்குமம்: ஈரச் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டா சிவப்பாயிடும். ஆரத்தித் தண்ணி சிவக்கிறது இதே காரணத்தால்தான். சுண்ணாம்போட காரத்தன்மை மஞ்சளின் நிறத்தை மாத்துது. அதனால, புதுசா வெள்ளை அடிச்ச சுவரில் உடனே மஞ்சள் பொட்டு வைக்கிறவங்க, அது சிவப்பாச்சேன்னு பதற வேண்டாம்.

பாசி, பூஞ்சை: சுண்ணாம்பின் பி.எச் அளவு 12-க்கும் மேல. புதுச் சுண்ணாம்பு மேல பூஞ்சை சுலபமா வளராது. ஆனா, அது கல்லா மாறினதும் அந்தக் காரம் போயிடும். ஒரு இடத்துல திரும்பத் திரும்பப் பாசி பிடிச்சா, அங்கே தண்ணி வருதுன்னு அர்த்தம். முதல்ல மேல பாருங்க, ஓடு விலகியிருக்கலாம். அப்புறம் கீழே பாருங்க, வாளி கவிழ்க்கிற இடமா இருக்கலாம். தண்ணியை நிறுத்தி, சுவரைக் காய விட்டு, மூக்கைத் துணியால மூடிக்கிட்டு பிரஷ்ஷால் தேய்ச்சு எடுங்க. அப்புறம்தான் வெள்ளை.

உப்பு பூத்திருக்கா? தண்ணி ஊத்தாதீங்க

சுவரோட அடிப்பகுதியில் பஞ்சு மாதிரி, மாவு மாதிரி வெள்ளையா ஏதோ பூத்திருக்கும். பலர் அதைச் சுண்ணாம்புன்னே நினைச்சுக்கிறாங்க. அது உப்பு. தரை ஈரம் மண்ணில் இருக்கிற உப்பைக் கரைச்சுக்கிட்டு மேல ஏறுது. சுவரின் வெளிப்புறத்தில் தண்ணி மட்டும் ஆவியாகுது. உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகி, பூச்சைத் தள்ளி உடைக்குது.

இதைத் தண்ணி விட்டுக் கழுவினா, உப்பு கரைஞ்சு திரும்பவும் சுவருக்குள்ளேயே போயிடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்க. கீழே விழுந்த பொடியை முறத்தில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொட்டுங்க. அங்கேயே பெருக்கி விட்டா அடுத்த மழைக்கு அதே உப்பு சுவரேறும்.

உப்பு எங்கேயிருந்து வருதுன்னும் பாருங்க. யூரியா மூட்டையைச் சுவரில் சாய்ச்சு வெச்சிருக்கீங்களா? ஆட்டையோ மாட்டையோ அந்தச் சுவர் ஓரமா கட்டுறீங்களா? உரமும் சிறுநீரும் சுவருக்கு உப்பை ஊட்டுற விஷயங்கள். இடத்தை மாத்தினாலே பாதிப் பிரச்னை குறையும்.

விரிசலுக்கு மருந்து மண்தான்

தலைமுடி அளவு மெல்லிய விரிசலைப் பத்திக் கவலை வேண்டாம். கொஞ்சம் கெட்டியா கரைச்ச சுண்ணாம்பைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ச்சாலே அடைபட்டுடும்.

அதைவிடப் பெரிய விரிசல், எலி வளை, குளவி ஓட்டை இதுக்கெல்லாம் சிமென்ட்டைத் திணிக்காதீங்க. மண்ணுக்கு மண்தான் சேரும். பழைய சுவரிலிருந்து உதிர்ந்த மண் இருந்தா அதுதான் பெஸ்ட். இல்லைன்னா அதே ஊர் மண்ணைச் சலிச்சு, மணலும் பொடியா நறுக்கின வைக்கோலும் சேர்த்து, தண்ணி விட்டுக் குழைச்சு ரெண்டு மூணு நாள் புளிக்க விடுங்க. மண்ணில் களி அதிகமா இருந்தா காயும்போது வெடிக்கும். மணல் அதிகமானா உதிரும். அதனால முதல்ல ஒரு சின்ன இடத்துல பூசிக் காய வெச்சுப் பார்த்துட்டு அளவை மாத்திக்கோங்க.

ஓட்டைக்குள்ள இருக்கிற தளர்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்துட்டு, லேசா தண்ணி தெளிச்சு, குழைச்ச மண்ணை அழுத்தி அடைங்க. ஒரே தடவையில் ரொப்பக் கூடாது. ஒரு விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு. அது காய்ஞ்ச பிறகு அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கை மரக்கட்டையால் தேய்ச்சுச் சமப்படுத்தி, முழுசா காய விட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு.

சுவரில் மண் குழாய் மாதிரி கோடு ஓடுதா? கரையான். சுண்ணாம்பு அடிச்சா கரையான் போயிடும்னு நம்பாதீங்க, கோடு மட்டும்தான் மறையும். கோட்டைச் சுரண்டி விட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாருங்க. திரும்ப வந்திருந்தா, அது போய்ச் சேர்ற உத்திரம், கதவு நிலையைத் தட்டிப் பார்த்து, கரையான் மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடுங்க.

வெள்ளை அடிக்கலாம் வாங்க

இதுக்கு ஒரு நல்ல அளவு, மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டட வேலை விவரக்குறிப்புலயே இருக்கு. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணி சேர்த்துக் கூழா கரைச்சு, 24 மணி நேரம் அப்படியே விடணும். அப்புறம் துணியில் வடிகட்டி, இன்னும் கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணி சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டு வரணும். ஒட்டுறதுக்குக் கொஞ்சம் கோந்தை வெந்நீரில் கரைச்சு ஊத்தலாம். 10 லிட்டர் சுண்ணாம்புக் கூழுக்கு 40 கிராம் கோந்து. மஞ்சள் சாயல் தெரியாம இருக்க நீலம், கிலோவுக்கு அதிகபட்சம் 3 கிராம். அதுக்கு மேல போட்டா, சுவர் யூனிஃபார்ம் சட்டை மாதிரி நீலம் பாய்ஞ்சிடும்.

24 மணி நேரம்கிறது குறைஞ்சபட்சம். தண்ணி மூடியிருக்கிற மாதிரி பாத்திரத்துல ஒரு வாரம் ஊற வெச்சா இன்னும் நல்லா வெண்ணெய் மாதிரி குழையும். கடையில் வாங்கின பாக்கெட் சுண்ணாம்பு பழசான்னு சந்தேகமா? ஒரு ஸ்பூன் கரைச்சு, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்க. சட்டுனு நல்ல சிவப்பானா உயிரோட இருக்கு. மஞ்சளாவே மந்தமா நின்னா, அது பாக்கெட்டுக்குள்ளேயே கல்லாகிடுச்சு, சுவரில் ஒட்டாது.

அடிக்கும்போது நாலு விஷயம் நினைவில் வெச்சுக்கோங்க.

ஒண்ணு, காலையில் சீக்கிரமோ, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகோ அடிங்க. வெயில் படுற சுவரை, நிழல் வந்த பிறகு அடிக்கலாம்.

ரெண்டு, சுவரை லேசா நனைச்சுக்கோங்க. ஸ்பிரே பாட்டில் போதும். மண் கரையுற அளவுக்கு இல்லை. மேல் தூசு அடங்குற அளவுக்கு. காய்ந்த மண் சுண்ணாம்பிலுள்ள தண்ணியைச் சட்டுனு குடிச்சிடும்.

மூணு, மெல்லிசா அடிங்க. அடிக்கும்போது சுவர் வெள்ளையாவே தெரியாது, தண்ணி அடிச்ச மாதிரி இருக்கும். "பத்தலையோ"ன்னு கெட்டியாக்கினா காய்ஞ்சதும் செதில் செதிலா உதிரும். காயக் காயத்தான் வெண்மை மேல வரும். அதுவரை பொறுமையா இருங்க.

நாலு, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, கீழேயிருந்து மேலே ஒரு இழுப்பு, அது காயறதுக்குள்ள குறுக்கே ரெண்டு இழுப்பு. இதுதான் ஒரு கோட்டிங். அது முழுசா காய்ஞ்சதும் அடுத்தது. பராமரிப்பில் இருக்கிற சுவருக்கு ஒண்ணு ரெண்டு கோட்டிங் போதும். புதுசா மண் பூசின இடத்துக்கு மூணு வேணும். வாளியை அடிக்கடி கலக்கிக்கிட்டே இருங்க, இல்லைன்னா சுண்ணாம்பு அடியில் தங்கிடும். பிரஷ் கிடைக்கலையா? பனைமட்டையின் நுனியைத் தட்டி நாராக்கி நம்ம ஊர்ல பயன்படுத்துற மட்டை, இந்த வேலைக்கு இன்னிக்கும் அருமையா இருக்கும். ரோலர் வேண்டாம், மண் சுவரின் மேடு பள்ளத்துக்குள்ள அது போகாது.

கலவையில் வெள்ளைப் பசையை டப்பா டப்பாவா ஊத்துறதைச் சில இடங்கள்ல பார்க்கலாம். முதல் வருஷம் கையில் ஒட்டாம நல்லாத்தான் இருக்கும். ஆனா, அது சுவரின் துளைகளை அடைக்கும்; பின்னாடி தோல் மாதிரி உரிஞ்சு வரும். ஏற்கெனவே எமல்ஷன் அடிச்ச சுவருக்கு மேலேயும் சுண்ணாம்பு நிக்காது. அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் திரும்பச் சுண்ணாம்புக்கு வர முடியும்.

கடைசியா காவிப் பட்டை. அது டிசைனுக்கு மட்டும் இல்லை. மழை நாள்ல தரையிலிருந்து தெறிக்கிற செம்மண் கறை சுவரின் அடியில்தான் படும். காவியில் அது தெரியாது. காவியின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வர்றதால, சுண்ணாம்போட கலந்தாலும் வெளுக்காது.

கண்ணு பத்திரம்

சுண்ணாம்பு இயற்கையான பொருள்தான். ஆனா, சாதுவான பொருள் இல்லை. கண்ணில் பட்டா கருவிழியையே அரிச்சிடும். இந்தியாவுல குழந்தைகள் வெத்தலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தி, அது கண்ணில் தெறிச்சுப் பார்வையே பாதிக்கப்பட்ட சம்பவங்களைக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு பண்ணியிருக்காங்க.

அதனால கண்ணாடி, கையுறை கட்டாயம். பழைய ஆட்கள் கை கால்ல தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு இறங்குவாங்க, அது தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு. கண்ணுக்கு அது உதவாது. சுட்ட சுண்ணாம்பை நீர்க்க வைக்கும்போது, பாத்திரத்தில் முதல்ல தண்ணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு. மாத்திச் செஞ்சா கொதிச்சுத் தெறிக்கும். மெல்லிசான பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் நெளிஞ்சிடும். இரும்பு டிரம்மில் செய்யுங்க. குழந்தைகளும் நாய்க்குட்டியும் அந்தப் பக்கம் வரக் கூடாது. நீர்த்துப் போகிற சிரமமே வேண்டாம்னா, ஏற்கெனவே நீர்த்த சுண்ணாம்பாவே வாங்கிக்கலாம்.

கண்ணில் பட்டுட்டா கசக்காதீங்க. எண்ணெய், பால்னு எதையும் விடாதீங்க. அந்த நொடியே சுத்தமான தண்ணியால், இமையைத் திறந்து வெச்சு, குறைஞ்சது 15 நிமிஷம் விடாம கழுவுங்க. அப்புறம் நேரா கண் ஆஸ்பத்திரி. வலி குறைஞ்சாலும் போகணும்.

எப்போ சுண்ணாம்பு போதாது?

ஒவ்வொரு பருவமழைக்கும் 'மண் சுவர் இடிந்து உயிரிழப்பு'ங்கிற செய்தியை நாம ஸ்க்ரோல் பண்ணிக் கடந்து போறோம். வீட்டுல இருக்கிறவங்க தூங்கிக்கிட்டு இருக்கிற நேரத்துல நடக்கிற விஷயம் அது. அதனால, ஊர்ல பெரியவங்க தனியா இருக்கிற மண் வீடு உங்களுக்கு இருந்தா, வெள்ளை அடிக்கிறதைவிட இந்தப் பகுதி முக்கியம்.

இந்த அறிகுறிகள் இருந்தா சுண்ணாம்பால மூடாதீங்க: சுவர் நடுவுல வயிறு தள்ளின மாதிரி புடைச்சிருக்கு. ஒரு ரூபாய் நாணயம் நுழையுற அளவுக்கு விரிசல், அதுவும் மூலையிலிருந்து சாய்வா ஓடுது. சுவரின் அடிப்பகுதி அரிச்சு, மேல்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. நல்லா மூடின கதவு திடீர்னு நிலையில் இடிக்குது. மழை விட்டு ரெண்டு வாரம் ஆகியும் சுவரின் அடி காயலை.

சந்தேகமான விரிசலா இருந்தா உங்க போனே கருவி. விரிசலோட ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்துல ஒரு நாணயத்தை வெச்சு போட்டோ எடுங்க. மாசம் ஒருமுறை அதே இடத்துல, அதே மாதிரி எடுக்கச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க. கோட்டைத் தாண்டிப் போனாலோ, அகலமானாலோ அது நகர்ற விரிசல். மண் கட்டடம் தெரிஞ்ச பொறியாளரையோ அனுபவமான கொத்தனாரையோ காட்டாம விடாதீங்க. புதுச்சேரிக்குப் பக்கத்துல ஆரோவில் மண் கட்டட நிறுவனம் மாதிரி, மண் கட்டுமானத்துக்குன்னே பயிற்சி கொடுக்கிற இடங்களும் இருக்கு.

சிமென்ட் பூசின மண் சுவர்னா இன்னும் கவனம் வேணும். ஏன்னா, உள்ளே ஊறியிருக்கிறது வெளியே தெரியாது. தொடர் மழை நாள்ல, புடைச்ச சுவருக்குப் பக்கத்துல கட்டிலைப் போட்டுத் தூங்க விடாதீங்க. "அம்மாச்சி, இந்த ரெண்டு நாள் மட்டும் சித்தி வீட்டுல படுத்துக்கோங்க"ன்னு போன் பண்ணிச் சொல்லுங்க. திட்டினாலும் சொல்லுங்க.

வருஷத்துக்கு ஒரு ரவுண்டு

எல்லாத்தையும் சேர்த்து ஒரு கேலண்டரா போட்டா இவ்வளவுதான்.

செப்டம்பர்: மழைக்கு முன்னாடி கூரையைப் பாருங்க. விலகின ஓட்டைச் சரி பண்ணுங்க. தாழ்வாரத்துத் தண்ணி சுவரில் வழியாம தள்ளி விழுதான்னு பாருங்க. சுவரை ஒட்டிக் குவிஞ்சு கிடக்கிற மண், செங்கல், விறகை அப்புறப்படுத்துங்க. தண்ணி வீட்டுப் பக்கம் வராம, வெளியே ஓடுற மாதிரி வாய்க்கால் இழுத்து விடுங்க.

அக்டோபர் முதல் டிசம்பர்: ஓதம் எங்கே ஏறுது, எங்கே ஒழுகுதுன்னு கவனிச்சு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மழை விட்ட பகல்கள்ல ஜன்னல், கதவைத் திறந்து வையுங்க. பூட்டின வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டுல கொடுத்து வையுங்க.

ஜனவரி தொடக்கம்: மண் ரிப்பேரை முதல்ல முடிச்சு, காய விட்டு, போகிக்கு முன்னாடி வெள்ளை அடிங்க.

ஏப்ரல், மே: லீவுக்குப் போகும்போது ஒட்டடை, உப்பு, கரையான் செக்கிங். உள்ளங்கை டெஸ்ட், தட்டிப் பார்க்கிற டெஸ்ட் ரெண்டும் மறுபடி ஒருமுறை.

இதுல ஆள் வெச்சுச் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். மீதியெல்லாம் வீட்டு ஆட்களே ஒரு வீக் எண்டில் முடிக்கலாம். அடுத்த முறை சொந்தக்காரங்க குரூப்ல "சிமென்ட் பூசிடலாமா?"ன்னு கேள்வி வந்தா, தம்ஸ்அப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "அந்த ஓதம் எங்கேயிருந்து வருதுன்னு யாராச்சும் பார்த்தீங்களா?"